கனமான கேம்பர் டிரெய்லரை இழுக்க எந்த பிக்கப் டிரக் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் டிரக்குகளையும் டிரெய்லர்களையும் பற்றி. எடைகள் பவுண்டில் இருக்கின்றன. கனடாவில் கதவு ஸ்டிக்கரில் கிலோவும் இருக்கும்; கிலோவை 2.2 ஆல் பெருக்கினால் பவுண்டு. கனமான கேம்பர் என்று இங்கே சொல்வது, சாமான்கள் ஏற்றிய பிறகு 7,000 பவுண்டும் அதற்கு மேலும் வருகிற, பெரும்பாலும் 28 முதல் 35 அடி நீளமுள்ள டிரெய்லர்களை.

முதலில் டிரக் வாங்குவதா, கேம்பர் வாங்குவதா?

கேம்பரை முதலில் முடிவு செய்யுங்கள். வாங்க வேண்டாம், எது என்று முடிவு செய்தால் போதும். எத்தனை பேர் படுக்க வேண்டும், பங்க் படுக்கை வேண்டுமா, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களுக்குத் தனி அறை வேண்டுமா என்பதையெல்லாம் பேசி முடித்தால் கேம்பரின் நீளம் தெரிந்துவிடும். நீளம் தெரிந்தால் எடை தெரியும். எடை தெரிந்த பிறகு டிரக்கைத் தேடுவது எளிது.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரக்கை வாங்கிவிட்டு அதற்கேற்ற கேம்பரைப் பார்க்கப் போகிறார்கள். கேம்பர் கடையில் பெரிய வண்டியின் சோபாவில் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்ட பிறகு சின்ன வண்டியைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஒரு வருடத்தில் டிரக்கை மாற்ற வேண்டி வருகிறது. அந்த இரண்டாவது கொள்முதலில் போகும் பணம்தான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய நஷ்டம்.

என் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். 8,000 பவுண்டு கேம்பருக்கு அது தாராளமாகப் போதாதா?

பெரும்பாலும் போதாது. காரணம் இழுவை அல்ல, சுமை. கேம்பரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. ஒரு பகுதி முன்னால் இருக்கும் கொக்கி வழியாக டிரக்கின் முதுகில் அழுத்துகிறது. இதை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லர் ஆடாமல் நேராக வர, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இப்படி முன்னால் அழுத்தியே ஆக வேண்டும். கணக்குப் போட 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அந்த அழுத்தம், டிரக்கில் ஏறும் ஆட்கள், பின்தொட்டியில் வைக்கும் சாமான்கள் எல்லாம் சேர்ந்து டிரக்கின் பேலோட் என்ற ஒரே எல்லைக்குள் அடங்க வேண்டும். ஒரு உதாரணம் பார்ப்போம்.

கேம்பரின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 8,200 பவுண்டு. அதில் 13 சதவீதம் 1,066. எடையைப் பகிரும் ஹிட்ச் (கொக்கி அமைப்பு; கீழே விளக்கம் வரும்) 80 பவுண்டு. கணவர் 180, மனைவி 150, பிள்ளைகள் 80, 60: ஆக 470. பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, ஐஸ் பெட்டி, சைக்கிள்கள் என்று 210. தொட்டி மூடி 60. கூட்டினால் 1,886 பவுண்டு.

நடுத்தர வசதிகள் கொண்ட, நான்கு கதவு, நான்கு சக்கர இயக்க அரை டன் டிரக்கில் பேலோட் பெரும்பாலும் 1,300 முதல் 1,900 வரை இருக்கும். 1,500 என்று வைத்தால் இந்தக் குடும்பம் 386 பவுண்டு அதிகமாக ஏற்றியிருக்கிறது. இத்தனைக்கும் இழுவை எல்லையில் இன்னும் 2,800 பவுண்டு மீதம் இருப்பதாகக் காகிதம் சொல்லும். அரை டன் டிரக்கில் இழுவை எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடுகிறது. டிரக் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய எண் பேலோட்தான்.

பேலோட் எண்ணை எங்கே பார்ப்பது?

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக டயர் அழுத்தம் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி அதில் அச்சாகியிருக்கும். தொழிற்சாலையில் அந்த ஒரு டிரக்குக்கென்று ஒட்டிய எண் அது. முழு டேங்க் எரிபொருளின் எடை ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரின் எடை கழிக்கப்படவில்லை.

இணையத்திலோ கையேட்டிலோ இருக்கும் பேலோட் அந்த மாடலிலேயே மிகக் குறைந்த வசதி கொண்ட வண்டிக்குரியது. ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு டிரக்குகளில் 400 பவுண்டு வித்தியாசம் வரலாம். கண்ணாடிக் கூரை, மின்சாரத்தில் இறங்கும் படிகள், பெரிய சக்கரங்கள், தோல் இருக்கைகள் ஒவ்வொன்றும் தன் எடையை பேலோடிலிருந்து எடுத்துக்கொள்கிறது. விலை ஏற ஏற சுமக்கும் திறன் குறைகிறது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் ஸ்டிக்கர்களை வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்பனையாளரிடம் விலை பேசுவதற்கு முன் இந்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

அதே தூணில் இன்னொரு ஸ்டிக்கரில் டிரக்கின் உச்ச மொத்த எடையும், முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் எடைகளும் தனித்தனியாக இருக்கும். அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடை மேடையில் நிற்கும்போது அவை தேவைப்படும்.

கேம்பர் கடையில் சொல்லும் எடையை நம்பிக் கணக்குப் போடலாமா?

அவர்கள் முதலில் சொல்வது வெறும் வண்டி எடை. தண்ணீர், பாத்திரம், படுக்கை எதுவும் இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை அது. அந்த எடையில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. கேம்பரின் வெளிப்புறத்தில் இடது பக்க முன்பகுதியில் உள்ள தகட்டில் அச்சாகியிருக்கும் உச்ச மொத்த எடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எடை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். தண்ணீர் ஒரு அமெரிக்க கேலனுக்கு 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 334 பவுண்டு. இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களும் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 180 பவுண்டை ஒட்டி வரும். அவை இருப்பதோ சரியாகக் கொக்கிக்குப் பக்கத்தில், அதாவது அந்த எடையின் பெரும்பகுதி நேராக டங் வெயிட்டில் சேரும். பிறகு குக்கர், கல், அரிசி, மடக்கு நாற்காலிகள், தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுக் குழாய். முதல் வருட முடிவில் எடுத்துப் பார்த்தால் 1,000 பவுண்டு சாமான் சாதாரணமாக இருக்கும். அதனால்தான் விளம்பரத் தாளில் 650 என்று போட்ட டங் வெயிட் உண்மையில் 900, 1,000 என்று வந்து நிற்கிறது.

டிரக் கம்பெனிகள் இழுவை எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? அது பொய்யா?

பொய் இல்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து ஏறும் சுமார் 11 மைல் மலைச்சாலையில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசி முழுவதும் ஓட, டிரெய்லரோடு ஏற வேண்டும். வேகம் 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டிரக்குக்கு 35. கடினமான சோதனைதான்.

ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் 150 பவுண்டு எடையில் இருவர் மட்டும் இருப்பதாகக் கணக்கு. டங் வெயிட் 10 சதவீதம். ஆகவே அந்த எண் உங்கள் நால்வர் குடும்பத்துக்குப் பொருந்தாது. காற்று இன்னொரு விஷயம். பல டிரக்குகளின் இழுவைக் கையேட்டில் டிரெய்லரின் முன்பக்கப் பரப்பு 60 சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். எட்டு அடி அகலமும் பத்து அடிக்கு மேல் உயரமும் உள்ள கேம்பர் ஒரு சுவரைப் போல எதிர்க்காற்றில் நிற்கிறது. அதே எடையுள்ள படகையோ டிராக்டர் ஏற்றிய தட்டை டிரெய்லரையோ இழுப்பதை விட இது மிகக் கஷ்டம்.

பழைய டிரக் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான கம்பெனிகள் 2015 மாடல் ஆண்டை ஒட்டித்தான் இந்த முறைக்கு மாறின. அதற்கு முந்தைய எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட வேண்டாம்.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்றால் என்ன? எனக்கு எது?

அந்தப் பெயர்கள் ஒரு காலத்தில் சுமக்கும் எடையைக் குறித்தன. இன்று வகையின் பெயர் மட்டுமே. ஃபோர்டு எஃப்-150, செவி சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா அரை டன். எஃப்-250, 2500 என்று வருபவை முக்கால் டன். எஃப்-350, 3500 ஒரு டன். இதில் பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ளதும் இரண்டு சக்கரம் உள்ளதும் உண்டு. இரண்டாவதை டூவலி என்பார்கள்.

கேம்பரின் உச்ச எடை 7,000 பவுண்டுக்குள் இருந்து, நான்கு பேர் குடும்பம் என்றால், பேலோட் 1,700க்கு மேல் உள்ள அரை டன் போதும். 7,000 முதல் 8,500 வரை இரண்டும்கெட்டான் இடம். இங்கே அரை டன் டிரக்கால் முடியும், ஆனால் கூடுதல் சுமைத் தொகுப்போடு வந்த வண்டியைத் தேடிப்பிடிக்க வேண்டும், பின்தொட்டியில் அதிகம் ஏற்றக் கூடாது. 8,500ஐத் தாண்டினால் முக்கால் டன்னுக்குப் போய்விடுங்கள். எஞ்சின் பலம் மட்டும் காரணமல்ல. கனமான சட்டமும் பெரிய பிரேக்கும் பருத்த பின் அச்சும் கடினமான டயரும் சேர்ந்து வருகின்றன. பக்கத்தில் பெரிய லாரி கடந்துபோகும்போது அடிக்கும் காற்றில் அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு வருடத்துக்கு நான்கு வார இறுதிகள் மட்டும் இழுக்கிறவர் என்றால், டிரக்கைப் பெரிதாக்குவதை விட கேம்பரைச் சிறிதாக்குவதே சரி. முக்கால் டன் டிரக் வெறுமனே ஓடும்போது குலுக்கும்; பல அடுக்கு வாகன நிறுத்தங்களில் உயரம் இடிக்கும்.

பெட்ரோலா, டீசலா?

இதில் ஒரு பொறி இருக்கிறது. முக்கால் டன் டிரக்கில் டீசல் எஞ்சின் போட்டால் இழுவை எல்லை ஏறும், பேலோட் இறங்கும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினை விடப் பல நூறு பவுண்டு கனம். அமெரிக்காவில் 10,000 பவுண்டைத் தாண்டினால் வண்டி அடுத்த எடைப் பிரிவுக்குப் போய்விடும் என்பதால் பல முக்கால் டன் டிரக்குகளின் உச்ச மொத்த எடையைச் சரியாக 10,000 என்று நிறுத்தியிருப்பார்கள். மேல் எல்லை அசையாமல் நிற்க, எஞ்சின் கனம் ஏறினால், சுமைக்கு மிச்சமிருக்கும் இடம் சுருங்கத்தானே வேண்டும். இதனால் பெட்ரோல் முக்கால் டன் 3,000 பவுண்டு சுமக்கும் இடத்தில், வசதிகள் நிறைந்த டீசல் முக்கால் டன் 2,000ஐ ஒட்டி நின்றுவிடும். பெரிய கேம்பருக்கு டீசல்தான் வேண்டும் என்றால் பெரும்பாலும் ஒரு டன் டிரக்கே பொருத்தம். விலை வித்தியாசமும் பெரிதாக இருக்காது.

டீசல் உண்மையில் வெல்வது மலையில். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,158 அடியில் இருக்கிறது. அங்கே 400 குதிரைத்திறன் எஞ்சின் 270ஐ ஒட்டித்தான் தரும். டர்போ உள்ளவை, டீசலானாலும் பெட்ரோலானாலும், இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, அதை விட முக்கியம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோக்கிஹாலா போன்ற நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கைத் தொடாமலே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும்.

எதிர்ப்பக்கக் கணக்கு: டீசல் எஞ்சினுக்கு மட்டும் 10,000 டாலரை ஒட்டி அதிகம். எண்ணெய் மாற்றமும் எரிபொருள் வடிகட்டியும் விலை கூடுதல். புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவம் ஊற்ற வேண்டும்; அது மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும், டேங்கில் அதை உருக்க ஹீட்டர் இருக்கும். சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடினால் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு 5,000 மைலுக்கு மேல் இழுப்பவர்கள், அல்லது ராக்கி மலைப்பகுதியில் வாழ்பவர்களுக்கு டீசல். ஒன்டாரியோ, டெக்சாஸ் போன்ற சமதளத்தில் கோடையில் சில முறை இழுப்பவர்களுக்கு முக்கால் டன் பெட்ரோல் டிரக் நிறைவாகச் செய்யும்; ஏற்றத்தில் எஞ்சின் 4,500 சுற்றில் இரைந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அச்சு விகிதம் 3.55, 3.73, 4.10 என்கிறார்களே?

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு வரும் சுழல் தண்டின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்கும் உள்ள விகிதம். எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், எரிபொருள் செலவும் சற்று அதிகம். ஒரே எஞ்சின், ஒரே மாடலில் இந்த ஒரு எண்ணால் மட்டும் இழுவை எல்லை 2,000 பவுண்டு வரை மாறலாம். பெட்ரோல் எஞ்சினோடு கனமான கேம்பர் என்றால் 3.73க்குக் குறையாமல் எடுங்கள், 4.10 அல்லது 4.30 கிடைத்தால் இன்னும் நல்லது. டீசலுக்கு 3.55 போன்றவை போதும். பத்து கியர் பெட்டிகள் வந்த பிறகு இதன் முக்கியத்துவம் முன்பு போல இல்லை, ஆனால் பின்னால் மாற்றுவது செலவு பிடித்த வேலை என்பதால் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஃபிஃப்த் வீல் கேம்பருக்கு என்ன மாறும்?

அதன் கொக்கி டிரக்கின் பின்னால் இல்லை. பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. ஆடுவது மிகவும் குறைவு. ஆனால் எடையில் 20 முதல் 25 சதவீதம் டிரக் மீது உட்காரும். 12,000 பவுண்டு கேம்பருக்கு 22 சதவீதம் என்றால் 2,640, ஹிட்ச் 200, குடும்பம் 470, சாமான் 100. மொத்தம் 3,410. இது ஒரு டன் டிரக்கின் வேலை. 14,000 பவுண்டில் கூட்டினால் 3,850ஐத் தொடும். ஒற்றைச் சக்கர ஒரு டன்னின் விளிம்பு அது. அதற்கு மேல் டூவலி.

தொட்டி நீளத்தையும் பாருங்கள். எட்டு அடித் தொட்டியில் கேம்பரின் மூக்குக்கும் டிரக் கேபினுக்கும் போதுமான இடைவெளி இருக்கும். ஆறரை அடித் தொட்டியில் குறுகலாகத் திரும்பும்போது கேம்பரின் மூலை கேபினின் பின்கண்ணாடியை உடைத்துவிடலாம். நகரும் ஹிட்ச் வேண்டியிருக்கும். ஐந்தரை அடித் தொட்டியுள்ள அரை டன் டிரக்கை இதற்கு நினைக்கவே வேண்டாம்.

எடையைப் பகிரும் ஹிட்ச் கட்டாயமா?

7,000 பவுண்டுக்கு மேல் சாதாரணக் கேம்பருக்கு (ஃபிஃப்த் வீல் அல்லாதது) ஆம். டிரக்கின் பின்புறம் உள்ள ரிசீவரின் (ஹிட்சைச் செருகும் சதுரக் குழாய்) கீழே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல அரை டன் டிரக்குகளில் அது இரண்டு வரியாகச் சொல்லும்: வெறும் பந்துக் கொக்கிக்கு டிரெய்லர் 5,000, டங் 500, எடைப் பகிர்வு ஹிட்சுக்கு 12,000, 1,200. இந்தச் சின்ன ஸ்டிக்கரைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

வேலை செய்யும் விதம் எளிது. கொக்கியில் 1,000 பவுண்டு அழுத்தினால் டிரக் பின்னால் குந்தி, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். திசைதிருப்பும் சக்கரங்களில் பாரம் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகும், முன் பிரேக் பிடிப்பு குறையும், இரவில் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஹிட்சின் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோல் போல முறுக்கி அந்தப் பாரத்தின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளுகின்றன. கம்பிகளின் தரம் உங்கள் உண்மையான டங் வெயிட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 600 பவுண்டு கம்பியை 1,000 பவுண்டுக்குப் போட்டால் வளைந்து நிற்குமே தவிர வேலை செய்யாது.

கொக்கிப் பந்து இந்த எடைக்கு 2 5/16 அங்குலம். 2 அங்குலப் பந்தும் பார்வைக்கு உள்ளே உட்காரும், ஒரு பெரிய குழியில் துள்ளியதும் கழன்றுவிடும். பந்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

பின்னால் ஏர் பேக் போட்டால் அதிகம் சுமக்கலாமா?

முடியாது. வண்டி மட்டமாக நிற்கும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள எல்லை ஸ்பிரிங்கை மட்டும் வைத்துச் சொன்னதல்ல; சட்டம், பிரேக், அச்சு, தாங்கி, சக்கரம், டயர் எல்லாவற்றையும் வைத்துச் சொன்னது. ஏர் பேக் முன் அச்சுக்கு எடையைத் திருப்பியும் தராது. குந்தல் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

எடையை எப்படி அளப்பது?

நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடைகள் இருக்கின்றன. கட்டணம் குறைவு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் தனித்தனிப் பலகையில் நிற்கும்படி ஓட்டி நிறுத்தினால் மூன்று எண்களும் கிடைக்கும். குடும்பம், முழு டேங்க், சாமான்களோடு போங்கள். மூன்று முறை நிறுத்த வேண்டும்: ஸ்பிரிங் கம்பிகள் மாட்டி, கம்பிகளைக் கழற்றி, பிறகு டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு ஹிட்ச் தலை மாட்டிய டிரக் மட்டும்.

ஓர் அரை டன் டிரக்கின் கணக்கு இப்படி இருக்கலாம். டிரக் மட்டும்: முன் 3,300, பின் 2,900, மொத்தம் 6,200. கம்பி இல்லாமல் டிரெய்லரோடு: முன் 2,880, பின் 4,320, டிரெய்லர் அச்சுகள் 6,700. கம்பி மாட்டி: முன் 3,160, பின் 3,900, டிரெய்லர் அச்சுகள் 6,840.

படிப்பது எப்படி? கம்பி இல்லாதபோது டிரக் மேல் 7,200. அதிலிருந்து 6,200ஐக் கழித்தால் டங் வெயிட் 1,000. கேம்பரின் முழு எடை 6,700 கூட்டல் 1,000, அதாவது 7,700. டங் 13 சதவீதம், நல்ல இடம். முன் அச்சு இழந்தது 420, கம்பிகள் திருப்பித் தந்தது 280, மூன்றில் இரண்டு பங்கு. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது டிரக்குக்கு டிரக் மாறும், கையேட்டில் போட்டிருக்கும். இழந்ததற்கு மேல் திருப்பக் கூடாது என்பது பொது விதி. இந்த டிரக்கின் உச்ச எடை 7,150, பின் அச்சு எல்லை 4,050 என்றால், கம்பி இல்லாமல் இரண்டுமே மீறியிருக்கின்றன. கம்பி மாட்டியதும் 7,060, 3,900 என்று உள்ளே வந்துவிட்டன. ஆனால் மீதம் 90 பவுண்டு மட்டுமே. இரண்டு கட்டு விறகு வாங்கித் தொட்டியில் போட்டால் தீர்ந்தது.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால்?

டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனதுதான் பெரும்பாலும் காரணம். பின்பக்க பம்பரில் சைக்கிள்கள், பின்னறையில் சாமான்கள், அச்சுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருப்பது எல்லாம் மூக்கைத் தூக்கிவிடும். வேகமும் பக்கக்காற்றும் அதைத் தூண்டிவிடுகின்றன. டங் வெயிட் அதிகமாகிறது என்று பயந்து சாமான்களைப் பின்னால் நகர்த்துவது, பேலோட் பிரச்சினையை இதை விட மோசமான பிரச்சினையாக மாற்றுவது.

ஆடும்போது டிரக் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் கன்ட்ரோலரின் (டிரக்குக்குள் இருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கை நெம்பை மெல்ல அழுத்துங்கள். டிரெய்லர் மட்டும் பிரேக் பிடித்தால் அது டிரக்கைப் பின்னுக்கு இழுத்து, தானே நேராகும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டயரில் எதைப் பார்க்க வேண்டும்?

அரை டன் டிரக்குகள் பல, கார் வகை மென்மையான டயரோடு வருகின்றன. கனமான கேம்பருக்கு எல்டி (LT) எனப்படும் டிரக் வகை டயர் மாற்றுவது நல்ல செலவு. பக்கச்சுவர் தளராததால் ஆட்டம் குறையும். கேம்பரில் இருப்பவை எஸ்டி (ST) எனப்படும் டிரெய்லர் வகை. வேக எழுத்து எதுவும் இல்லாத பழைய எஸ்டி டயர்களுக்கு மணிக்கு 65 மைல்தான் எல்லை. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தடம் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றுங்கள். வெயிலில் நின்று காய்ந்த டயர் வெடித்தால், சக்கரத்தோடு சேர்த்துக் கேம்பரின் தரைப்பகுதியையும் கிழித்துவிடும்.

ஓட்டுநர் உரிமம் போதுமா?

இடத்துக்கு இடம் மாறும். ஒன்டாரியோவில் ஜி உரிமத்தோடு இழுக்கும் டிரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டக் கூடாது. அது 10,140 பவுண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதே 4,600 கிலோவுக்கு மேல் உல்லாசக் கேம்பருக்கு உரிமத்தில் 07 என்ற கூடுதல் அனுமதி வேண்டும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட சாதாரணக் கேம்பருக்கு வணிகம் சாராத ஏ வகை உரிமம். பெரிய கேம்பருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநில, மாகாண உரிம அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய டிரக் வாங்கினால் எதைச் சோதிப்பது?

கீழே படுத்துப் பாருங்கள். ஒன்டாரியோ, மிச்சிகன் போன்ற உப்புத் தூவும் இடங்களில் சட்டமும் பிரேக் குழாய்களும் துருப்பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டினால் துரு செதிலாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். ரிசீவர் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அது கனமாக இழுத்த டிரக். ஏழு முனை மின் இணைப்பின் மூடியைத் திறங்கள். பச்சைப் பூச்சு இருந்தால் பிரேக் மின்சாரம் சரியாகப் போகாது. கியர் எண்ணெயில் கருகிய வாடை வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தொழிற்சாலை இழுவைத் தொகுப்பு இருக்கிறதா என்பதை வண்டியின் வின் (VIN) எண்ணைக் கொடுத்து விற்பனைக் கடையில் உறுதி செய்யுங்கள். ரிசீவர் மட்டும் பின்னால் பொருத்தியிருந்தால் கூடுதல் குளிர்விப்பானும் பிரேக் கன்ட்ரோலரும் இருக்காது.

மின்சார பிக்கப்?

பலம் இருக்கிறது. எஃப்-150 லைட்னிங் 10,000 பவுண்டு வரை, ரிவியன் ஆர்1டி 11,000 வரை. உயரமான கேம்பரை மாட்டினால் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகும். பல சார்ஜ் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நுழைய முடியாது. 100 மைலுக்குள் இருக்கும் முகாம்களுக்குச் சரி.

புது டிரக்கும் கேம்பரும் வந்தாயிற்று. முதல் நாள் என்ன செய்வது?

காலியான பெரிய வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். பிரேக் கன்ட்ரோலரின் கெயினை (பிரேக் பிடிக்கும் பலத்தின் அளவு) 5ல் வைத்து, மணிக்கு 20 முதல் 25 மைல் வேகத்தில் கை நெம்பை முழுவதும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு கிரீச்சிட்டால் கெயினைக் குறையுங்கள். வெறுமனே தள்ளிக்கொண்டு வந்தால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன் நிற்பதே சரியான அளவு. புதிய பிரேக் பதிய வேண்டியிருப்பதால் முதல் சில நூறு மைலில் இதை மறுபடி பார்க்க வேண்டும். மழை நாளிலும், காலிக் கேம்பரிலும் குறைக்க வேண்டும்.

டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே கம்பியை டிரக்கின் சட்டத்திலோ ரிசீவர் துளையிலோ மாட்டுங்கள், பாதுகாப்புச் சங்கிலியில் அல்ல. சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தொட்டில் போலத் தாங்கும். கேம்பர் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் கையேட்டில் சொன்ன அளவுக்கு, அரை அங்குலத் தண்டுக்கு வழக்கமாக 90 முதல் 120 அடி-பவுண்டு, முறுக்குங்கள். 50 மைல் ஓடியதும் நிறுத்தி மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதுச் சக்கரத்தின் பெயின்ட் நசுங்கி, நட்டு கால் சுற்று இறங்குவது சகஜம்.